மூன்று வரி இடம்

ஸ்டுட்கார்ட்,
1964 அக்டோபர் 4

டேய் எஜிதியோ,

நீ நலமாகத்தான் இருப்பாய். மாதம் பிறந்தால் சம்பளம், மார்பில் பித்தளைப் பொத்தான், உன் தலை தெரிந்தால் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவன்கூடத் தராசை நேராகப் பிடிக்கிறான். உனக்கென்ன குறை? நான் இங்கே ஜெர்மனியில், வார்ப்பு ஆலையில் மணலும் கரியும் தின்றுகொண்டு நலம்.

வின்சென்ஸா எழுதியிருந்தாள். நகர மன்ற வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களாமே. மொந்தேலூப்பாவுக்கு இரண்டாவது நகரக் காவலர் வேண்டுமாம். மூன்று லாரி, ஒரு பஸ், சாமியாரின் ஸ்கூட்டர், இத்தனை போக்குவரத்தையும் ஏழு வருடமாக ஒற்றை ஆளாக நின்று சமாளித்து நீ களைத்துப்போனாய் என்று மேயருக்கே இரக்கம் வந்துவிட்டதா? இதை நீ எனக்கு எழுதவில்லையே, ஏன்டா? பெண்டாட்டி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நான் விண்ணப்பிக்கப் போகிறேன். ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாளாம். மார்ச்சில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் எந்த ஊரிலும் காவலராகச் சேர்க்க மாட்டார்கள். ஆகவே இந்தத் தடவை விட்டால் பிறகு இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தேன் அல்லவா? மூன்றாம் நாள் காலையில் என் மகன் சவேரியோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்ப மரியாதையாக, "நீங்க எப்ப உங்க ஊருக்குக் கிளம்புவீங்க?" என்று கேட்டான். வின்சென்ஸா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

உன்னால் ஆக வேண்டியது ஒன்று உண்டு. 1957-இல் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவன் நான், இரண்டாவது நீ. எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது என்று ஒற்றை வரியில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. வேலை உனக்குப் போனது, அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் இப்போது அந்தப் பழைய தாள் மறுபடி குறுக்கே நிற்கும். மன்றத்துக் காகித அலமாரிச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது? என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல். விதிப் புத்தகத்திலும் ஒரு பிரதி அனுப்பு.

உன் மகள், என் ஞானமகள் ஃபெலிசியாவுக்கு முத்தம். எந்த விறகு எரிந்து அவள் பிழைத்தாள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, ஊர் முழுக்கப் பாடிவிடுவாள்.

கானியோ


மொந்தேலூப்பா,
1964 அக்டோபர் 21

அன்புள்ள கானியோ,

உன் கடிதம் கிடைத்தது. ரோசாரியாவும் குழந்தையும் சுகம். பதில் தாமதம், சந்தை வாரம்.

விதிப் புத்தகத்துக்கு வேறு பிரதி இல்லை. முக்கியமானதை எழுதுகிறேன். மூன்றாம் விதி: உயரம் ஒரு மீட்டர் அறுபத்தைந்துக்குக் குறையக் கூடாது. (உனக்குக் கவலை இல்லை. என்னை வைத்தியர் அளந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத்தான் தெரியும்.) ஐந்தாம் விதி: ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். ஆறாம் விதி: நன்னடத்தைச் சான்றிதழ். பதினான்காம் விதி: வியாபாரிகளிடமிருந்து ஒரு முட்டைகூட வாங்கக் கூடாது. பதினாறாம் விதி: சீருடையில் மதுக்கடைக்குள் போகக் கூடாது, கலகம் நடந்தால் ஒழிய. பத்தொன்பதாம் விதி: சீருடையில் குடை பிடிக்கக் கூடாது. நம் ஊர் நவம்பர் மழை உனக்கு மறந்திருக்காது.

நீ நினைக்கிற மாதிரி சுகமான வேலை இல்லை இது. உறவுக்காரனுக்கு அபராதச் சீட்டு எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதுகைக் காட்டுவான், எழுதாவிட்டால் மற்றவனெல்லாம் காட்டுவான். மன்றத்தின் அறிவிப்புகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதும் நான்தான். இறந்தவர் வீட்டுக்கும் வரி அறிவிப்போடு போயிருக்கிறேன். உன் சுபாவத்துக்கு ஒத்துவருமா என்று யோசி. அங்கே உனக்கு நிலையான வேலை இருக்கிறது. வின்சென்ஸாவையும் பையனையும் அங்கே கூட்டிக்கொள்ள வழி உண்டு என்கிறார்களே, விசாரித்தாயா?

1957-ஆம் வருடக் காகிதங்களைத் தேடினேன். அந்த அறையின் கூரை ஒழுகிப் பல கட்டுகள் நனைந்துவிட்டன. கிடைக்கும் என்று தோன்றவில்லை.

ஃபெலிசியா அடுத்த மே மாதம் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிறாள். உன்னைத்தான் கேட்கிறாள்.

எஜிதியோ


ஸ்டுட்கார்ட்,
1964 நவம்பர் 9

டேய் போலீஸ்காரா,

வேலை கேட்டு எழுதினால் குடையைப் பற்றி எழுதுகிறாய். கூரை ஒழுகியதாம், காகிதம் நனைந்ததாம். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு தொப்பி வந்துவிட்டால் உன் பவிசு குறையும் என்று நினைக்கிறாயா? இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, எஜிதியோ அப்படிப்பட்டவன் இல்லை, வேலைப்பளுவில் சரியாகத் தேடியிருக்க மாட்டான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மன்றச் செயலாளருக்கு நேராகவே எழுதிவிட்டேன். புதிதாக வந்தவராம், நல்ல மனிதர், எட்டே நாளில் பதில். காகிதம் நனையவில்லை, பத்திரமாக இருக்கிறது. அரசுப் போலீஸ் மார்ஷல் அப்போது விசாரித்ததில் "நம்பத்தகுந்த ஒரு நபர்" என்னைப் பற்றித் தகாத விவரம் சொல்லியிருக்கிறாராம். என்ன விவரம், யார் என்றெல்லாம் வெளியே சொல்ல விதி இடம் கொடுக்காதாம். மார்ஷலும் செத்துப்போய்விட்டார். அந்த நபரே முன்வந்து, சொன்னதைத் திருத்தியோ விளக்கியோ எழுதிக் கொடுத்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாமாம்.

எவன்டா அந்த நம்பத்தகுந்த நபர்? நான் என்ன செய்தேன்? மே தின ஊர்வலத்தில் ஒரு தடவை சிவப்புக் கொடி பிடித்தேன். புனிதரின் தேர் சாய்ந்தபோது சிரித்துவிட்டேன், எல்லோருந்தான் சிரித்தார்கள். இங்கே படுக்கையில் கிடந்து ஊரிலுள்ள ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். ஏழு வருடம் கழித்து ஊரையே சந்தேகிக்க வைத்துவிட்டான் அந்தப் பாவி.

மார்ஷல் தினமும் உட்கார்ந்திருந்த இடம் எது? தொனாத்தோவின் சவரக் கடை. சீட்டாட்டத்தில் அவனை நான் ஏமாற்றுக்காரன் என்று திட்டியது அந்த வருடம்தான். அவனேதான். இதே தபாலில் அவனுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவன் பிள்ளைகளுக்குக்கூடப் படித்துக் காட்ட முடியாத கடிதம்.

நீ போலீஸ். போய் அவனை விசாரி. எழுதி வாங்கு. எனக்காக இதையாவது செய்.

கானியோ


மொந்தேலூப்பா,
1964 நவம்பர் 26

கானியோ,

தொனாத்தோ இல்லை. அவரை விட்டுவிடு.

நேற்றுக் காலை சவரத்துக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. முகத்தில் நுரை பூசி, கத்தியைத் தீட்டி, கழுத்தில் வைத்தார். வைத்த பிறகு இடது கையால் சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்து என் மடியில் போட்டார்.

"படி" என்றார். படித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அறுபத்தெட்டு வயது மனிதர்.

"நான் சொல்லலைன்னு உனக்குத் தெரியும். யார் சொன்னதுன்னு எனக்கும் தெரியும். இந்த நாற்காலியிலதான் நீ உக்காந்திருந்த, அந்த நாற்காலியில மார்ஷல். இப்பச் சொல்லு, இவனுக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?"

"நானே எழுதுறேன் தொனாத்தோ மாமா" என்றேன்.

"ஏழு வருஷமா அதைத்தான் எதிர்பாத்துட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் தாடியைச் சுத்தமாக வழித்துவிட்டார்.

நான்தான், கானியோ.

தேர்வு முடிவு வந்த மறு வாரம் அது. வேலை உனக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நானும் உன்னோடு சேர்ந்து குடித்துக் கொண்டாடினேன். அன்றைக்கு மார்ஷல் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு கேட்டார்: "அந்தக் கானியோ எப்படிப்பட்ட ஆளு?" நல்லவன் என்றேன். "காட்டுப் பக்கம் போவானா?" எல்லோரும் போகிறோம், ஊர்ப் பொதுக் காடு, பட்ட மரம் எல்லோருக்கும் உரிமை என்றேன். "பட்டதா, பச்சையா?" என்றார்.

பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார், கேட்க வேண்டுமே என்று கேட்டவர்தான். நான் சொன்னேன்: "ஒரே ஒரு தடவை பச்சை, சார். அம்பத்தாறு பனியில. ஒரு கருவாலி மரம்."

"கூட யாரு?" என்று கேட்டார். "தெரியாது சார்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை, நீ வெட்டியது உண்மைதானே என்று ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நினைக்காமல் தாண்டிவிடுவேன். அந்தப் பிப்ரவரியில் ஃபெலிசியா ஏழாம் மாதத்திலேயே பிறந்து ரொட்டி அளவுக்குக் கிடந்தாள். வாசற்படி வரை பனி, சுள்ளி ஒன்றுகூடக் காட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு நாற்காலியையும் தொட்டிலையும் உடைத்து எரித்துவிட்டோம். பட்டப்பகலில் கோடாலியோடு வந்து, "கிளம்புடா" என்று சொன்னவன் நீ. நீ வெட்டினாய், நான் கழுதையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பத்து நாள் அந்த மரம் எரிந்தது. நீயே அவளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோனாய்.

என்னிடம் ஒரு அங்குல நிலம் கிடையாது. அந்த வேலை இல்லாவிட்டால் ஜெர்மனிக்குப் போக வேண்டியவன் நான். உனக்குத் தைரியம் அதிகம், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் எழுதினால் காரணம் மாதிரி இருக்கிறது. காரணம் இல்லை. எனக்கு அந்தத் தொப்பி வேண்டியிருந்தது.

நீ ரயிலேறிய அன்று என் தோளில் கை போட்டு, "என் வீட்டைப் பார்த்துக்கோ, போலீஸ்காரா" என்றாய். அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வேன். வின்சென்ஸா மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எஜிதியோ


ஸ்டுட்கார்ட்,
1964 டிசம்பர் 13

மதிப்பிற்குரிய நகரக் காவலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

தொனாத்தோ மாமாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பெரிய மனது பண்ணிப் பதிலும் போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு நான் ஊருக்கு வரவில்லை. வந்தால் உங்களைச் சந்தையில் வைத்து அடிப்பேன், பிறகு எந்தச் சான்றிதழும் கிடைக்காது.

ஏழு வருடத்தில் எனக்கு நீங்கள் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறீர்கள் என்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் ஃபெலிசியா முத்தம் அனுப்பியிருக்கிறாள்.

நீங்கள் எழுதியதை நான் படித்ததால் எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. படிக்க வேண்டியவர் செயலாளர். ஜனவரி முப்பத்தொன்று கடைசி நாள்.

கா. லாவியேரி


மொந்தேலூப்பா,
1964 டிசம்பர் 29

கானியோ,

உன் கடிதத்தில் "நீங்கள்" என்பதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன நேரம், அலமாரியைத் திறந்தேன். உன் கட்டு மேலேயே இருந்தது. மார்ஷலின் கையெழுத்து அழகு. படிவத்தில் "நடத்தை" என்று போட்டு மூன்று வரிக்குப் புள்ளிக் கோடு இருக்கும். அதில் ஒன்றரை வரிதான் எழுதியிருக்கிறார். "பொதுக் காட்டில் பச்சை மரம் வெட்டியவர். உடன் இருந்தவர் யாரென்று தெரியவில்லை." அந்த ஒன்றரை வரிக்கு உன் ஏழு வருடம் போயிருக்கிறது.

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் போட்டால் தீர்ந்தது. பழைய தாள் காணவில்லை என்றால் புதிதாக விசாரிக்கச் சொல்வார்கள், மார்ஷல் செத்த பிறகு அந்த வேலை நகரக் காவலரிடம் வந்துவிட்டது, விசாரித்து எழுதப்போவதும் நான்தான். உனக்குச் சான்றிதழ், எனக்குத் தொப்பி, இரண்டும் மிஞ்சும். நல்ல யோசனை என்றே அப்போது தோன்றியது.

ரோசாரியா பருப்பு சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அது உள்ள?" என்றாள். காட்டினேன். அவளுக்கு நான் எதையும் சொன்னதில்லை. நின்றபடியே படித்தாள். பிறகு, "யாரென்று தெரியவில்லையா?" என்றாள். "அந்தப் பனியில இந்த வீட்டு வாசல்ல விறகு கொண்டுவந்து போட்டது யாருன்னு எனக்குத் தெரியுமே. ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் சூடா ஒயின் ஊத்திக் கொடுத்தது நானு." சாப்பாட்டை என் முன்னால் வைத்தாள். என்னால் சாப்பிட முடியவில்லை.

தாளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் வாக்குமூலம் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். மரம் என் வீட்டுக்காக வெட்டப்பட்டது, கழுதையைப் பிடித்திருந்தவன் நான், தெரியாது என்று மார்ஷலிடம் பொய் சொன்னவனும் நான்.

அவர் இரண்டு தடவை படித்தார். "குழந்தை உயிருக்காக வெட்டினதை யாரும் குத்தமாப் பாக்க மாட்டாங்க. அவருக்குச் சான்றிதழ் கிடைச்சிடும்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா பதினொண்ணாம் விதி உங்களுக்கு மனப்பாடமா இருக்குமே?"

இருக்கிறது. விசாரணையில் பொய் சொல்லியோ மறைத்தோ பணி பெற்றவர், எத்தனை ஆண்டு கழிந்து தெரிந்தாலும், பணியிலிருந்து நீக்கப்படுவார்.

"இதை நான் இன்னும் பதிவு பண்ணலை. வேணும்னா திருப்பி எடுத்துக்குங்க" என்றார். நல்ல மனிதர் என்று நீ எழுதியது சரிதான். பதிவு செய்யச் சொன்னேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதே.

இன்று முதல் தற்காலிக நீக்கம். விசிலை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

எஜிதியோ


வெரோனா, குடியேறிகள் முகாம்,
1965 ஜூன் 8

கானியோ,

மார்ச் தேர்வில் மறுபடி முதலாவதாக வந்தாய். வாழ்த்துச் சொல்ல வந்தேன், நீ சதுக்கத்தின் அந்தப் பக்கமாக நடந்து போய்விட்டாய். ஃபெலிசியாவின் புதுநன்மை அன்று கோயிலில் அவள் பின்னால் நின்றாய், விருந்துக்கு வரவில்லை. உன் ஞானமகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் நீ போய்விடுவாயோ என்று பயம்.

ஏப்ரலில் நீக்கல் ஆணை வந்ததே, அதை வீட்டில் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியதும் நீதான். உன் முதல் வேலை அது என்று பிறகு தெரிந்தது. நீ "இங்கே" என்று விரலால் காட்டினாய், நான் போட்டேன். நாம் இந்த வருடம் பேசிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான்.

இங்கே முகாமில் ஜெர்மனிக்குப் போக முந்நூறு பேர் காத்திருக்கிறோம். பல்லைப் பார்த்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், மூட்டை தூக்கச் சொன்னார்கள். எல்லாம் தேறிவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் உன் பழைய ஆலைக்கே ஒப்பந்தம் கிடைக்கும் போலிருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கவில்லை, பட்டியலில் அப்படி வந்தது.

ஒரு தாள் குறைகிறது. பணி நீக்கம் ஆனவன் என்பதால் எனக்கு மட்டும் ஊரிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே எனக்கு இப்போது யார் வேலை கொடுப்பார்கள்? கதிர் அறுப்புக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

படிவம் மன்றத்துக்கு வந்திருக்கும். விசாரித்து எழுதுகிறவர் நகரக் காவலர். அதாவது நீ.

உன்னிடம் எதையும் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று. பாதி உண்மையாக எழுதிவிடாதே. கெட்டது என்றாலும் முழுவதையும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். பாதி உண்மை என்ன செய்யும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

எஜிதியோ


மொந்தேலூப்பா,
1965 ஜூன் 15

எஜிதியோ அவர்களுக்கு,

படிவம் மூன்றாம் தேதியே வந்தது. பன்னிரண்டு நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். உங்களைக் காக்க வைக்க வேண்டும் என்று இருந்தது. ஏழு வருடத்தோடு பார்த்தால் பன்னிரண்டு நாள் என்ன பெரிதா?

சட்டையும் உங்களுடையதுதான். புதிது தைக்க மன்றத்தில் வழியில்லையாம். கை எனக்கு முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வருகிறது. சந்தையில் சிரிக்கிறார்கள். நேற்று நல்ல மழை, குடை பிடிக்காமல் நின்றேன். சவேரியோ ஓரமாக நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், "அப்பா நனையுறாரு, துண்டு எடுத்து வைம்மா" என்று சொன்னானாம். அப்பா என்று சொன்னான்.

இன்று காலை ஃபெலிசியா என்னைத் தேடி மன்றத்துக்கே வந்தாள். பள்ளியில் ஒருத்தி அவளைத் திருடன் மகள் என்று சொல்லிவிட்டாளாம். "எங்கப்பா என்ன திருடினாரு, ஞானப்பா?" என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது? "ஒரு மரம்மா. நானும் உங்கப்பாவும் சேர்ந்துதான். நீ பொறந்தப்ப ரொம்பக் குளிரு" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "பெரிய மரமா?" என்றாள். பெரிய மரம் என்றேன். அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. இதற்குள் ஊர் முழுக்கப் பாடியிருப்பாள்.

அவள் போன பிறகு படிவத்தை எடுத்தேன். மூன்று வரி இடம். நான் எழுதியதை அப்படியே கீழே கொடுக்கிறேன்.

"1956 பனியில் இவர் வீட்டுக்காகப் பச்சை மரம் வெட்டப்பட்டது, வெட்டியவன் நான். 1957-இல் அதில் பாதியை மட்டும் சொல்லி என் வேலையை எடுத்துக்கொண்டார். 1964-இல், தன் வேலை போகும் என்று தெரிந்தே, மீதியையும் சொன்னார். நடத்தை நன்று."

எழுத்தைப் பொடியாக்கி எப்படியோ அடைத்துவிட்டேன். செயலாளர் படித்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு? நடத்தை நன்றுன்னு மட்டும் போட்டாப் போதுமே" என்றார்.

"அதையும் ஒருத்தன் பாதின்னு சொல்லிடுவான் சார்" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார். இதோடு இணைத்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சவேரியோ முதல் வார்த்தை பேசியது, முதல் அடி வைத்தது, எதையும் நான் பார்க்கவில்லை. அதை யாரும் எழுதித் திருத்த முடியாது. கோபம் இன்னும் இருக்கிறது, சில நாள் அதிகமாகவே இருக்கிறது. இங்கே திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துத்தான், நான் அங்கே பட்டதெல்லாம் இனி உனக்கு என்பது உறைத்தது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஆலைக் குடியிருப்பின் மூன்றாவது அறையில் மேல் கட்டிலைக் கொடுப்பார்கள். வாங்காதே, ஜன்னல் இடுக்கில் காற்று ஊசி மாதிரி இறங்கும். அடுப்புக்குப் பக்கத்துக் கீழ்க் கட்டில் ஏழு வருடம் நான் படுத்தது. கானியோவின் ஆள் என்று மேஸ்திரியிடம் சொல், தருவான். உன் வீட்டு விறகை நான் பார்த்துக்கொள்கிறேன், பட்டதுதான் கொண்டுவந்து போடுவேன், பயப்படாதே.

கம்பளி இரண்டாக எடுத்துக்கொள்டா. அங்கே குளிர் பொல்லாதது.

கானியோ